லாரியின் கியர் பெட்டியை மாற்றலாமா?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

வண்டியூரில் வாழும் எங்களுக்கு லாரி ஒரு புதுமையான பொருளன்று. தெப்பக்குளத்தைத் தாண்டிக் கிழக்கே வந்தால், சுற்றுச்சாலையில் இரவு பகல் என்றில்லாமல் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். பாரம் ஏற்றிய லாரி நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது ஓர் உறுமல்; சற்று நின்று மறுபடி ஓர் உறுமல்; பிறகு இன்னொன்று. பரீட்சைக்குப் படிக்கும் இரவுகளில் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகியவர்கள் நாங்கள். ஆனால் அந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் ஒரு மனிதரின் இடது கால் ஒருமுறை அழுந்தி எழுகிறது என்று இந்த ஆண்டுதான் எண்ணிப் பார்த்தோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை காய்கறி லாரி ஓட்டுநர். ஒட்டன்சத்திரம் சந்தையில் சரக்கு ஏற்றி மாட்டுத்தாவணி காய்கறிச் சந்தையில் இறக்குவது அவர் தொழில். சென்ற ஆடி மாதத்தில் அவருடைய இடது முழங்கால் வீங்கிவிட்டது. மருத்துவரிடம் போனார். மாத்திரை கொடுத்தார், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார், கடைசியில், “கிளட்ச் மிதிக்கிறதைக் குறைச்சுக்குங்க” என்றும் சொல்லி அனுப்பினார். லாரி ஓட்டுநரிடம் கிளட்ச் மிதிக்காதே என்பது, தோசை சுடுபவரிடம் அடுப்பின் அருகே போகாதே என்பது போலத்தான்.

அடுத்த வாரம் இயற்பியல் வகுப்பில் சிஸ்டர் திருப்புத்திறன் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தபோது தோழி எழுந்து, “கிளட்சே இல்லாத லாரி கிடையாதா, சிஸ்டர்?” என்று கேட்டாள். பாடத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று சிலர் சிரித்தனர். சிஸ்டர் சிரிக்கவில்லை. “இந்த வருடம் அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டீர்களே, இதைச் செய்யுங்கள்” என்றார். அப்படித்தான் நாங்கள் ஐந்து பேர் கியர் பெட்டிக்குள் தலையை விட்டோம். தெரிந்துகொண்டதை எங்களால் இயன்றவரை இங்கே எழுதுகிறோம்.

முதலில் கியர் எதற்கு என்று பார்ப்போம். தோழியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வைகைப் பாலத்து ஏற்றத்தில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நம் கால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் நன்றாக மிதிக்கும். மிக மெதுவாக மிதிக்க நேர்ந்தால் பலம் போதாமல் சைக்கிள் சாய்ந்துவிடும். லாரியின் டீசல் எஞ்சினும் இத்தகையதே. சும்மா நிற்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 600 சுற்று. மிக விரைவாக ஓடினால் 2,500 சுற்று அளவில் அடங்கிவிடும். 600-க்குக் கீழே இழுத்தால் நின்றுவிடும். ஆனால் சக்கரமோ சுழியத்திலிருந்து தொடங்கியாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே சமாதானம் செய்துவைப்பதே கியர் பெட்டியின் வேலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். எஞ்சின் 2,000 சுற்றில் ஓடுகிறது. மேல் கியரில் பெட்டிக்குள் குறைப்பு ஏதுமில்லை. பின் அச்சில் மட்டும் ஆறுக்கு ஒன்று குறைகிறது என்று கொள்வோம். சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 333 சுற்றுச் சுற்றும். டயரின் விட்டம் 1 மீட்டர் என்றால் சுற்றளவு 3.14 மீட்டர். நிமிடத்துக்கு 1,046 மீட்டர். மணிக்குச் சுமார் 63 கிலோமீட்டர். இனி அதே எஞ்சின், அதே 2,000 சுற்று, முதல் கியர். பெட்டிக்குள் ஏழுக்கு ஒன்று, அச்சில் ஆறுக்கு ஒன்று, ஆக மொத்தம் 42-க்கு ஒன்று. சக்கரம் நிமிடத்துக்கு 48 சுற்றுக்கும் குறைவாகவே சுற்றும். வேகம் மணிக்கு 9 கிலோமீட்டர்தான். ஆனால் உராய்வில் போவது போக, எஞ்சினின் திருப்புத்திறன் ஏறக்குறைய 42 மடங்காகச் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்குகிறோம். சந்தையில் போல இங்கும் இனாம் என்று ஒன்றும் கிடையாது.

ஒரு கியரிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது எஞ்சினையும் பெட்டியையும் ஒரு கணம் பிரிக்க வேண்டும். அதற்குத்தான் கிளட்ச். எஞ்சினின் முதுகில் ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரம் சுற்றுகிறது. அதன்மேல் கிளட்ச் பிளேட்டை, பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்குகள் அழுத்திப் பிடித்திருக்கின்றன. மிதியை அழுத்தினால் ரிலீஸ் பேரிங் முன்னே போய் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளுகிறது, பிடி விடுகிறது. லாரியின் ஸ்பிரிங் சாதாரண ஸ்பிரிங் அன்று. பல டன் பாரத்தை வழுக்காமல் இழுக்க வேண்டிய பிடி அது. அதை ஒவ்வொரு முறையும் தோற்கடிக்க வேண்டியது ஓட்டுநரின் முழங்கால்.

எத்தனை முறை? தோழி ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் தந்தையோடு லாரியில் ஒட்டன்சத்திரம் போனாள். ஒரு துணிப்பையில் எண்ணி 200 புளியங்கொட்டைகள் எடுத்துக்கொண்டாள். கிளட்ச் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கொட்டையை மறுபைக்கு மாற்றுவது என்பது ஏற்பாடு. திண்டுக்கல் ஊருக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் 200-உம் தீர்ந்துவிட்டன. அதற்குமேல் எண்ணவில்லை. “அப்பா முகத்தைப் பார்த்தேன். எண்ணத் தோன்றவில்லை” என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் கான்வென்டில் ஓய்வு பெற்று இருக்கும் ஒரு மூத்த சிஸ்டர் இளமையில் மலையடிவாரக் கிராமங்களுக்கு மருந்துப் பெட்டியுடன் ஜீப் ஓட்டிப் போனவராம். நாங்கள் இதை ஆராய்கிறோம் என்று கேள்விப்பட்டுத் தாமாகவே வந்து அமர்ந்தார். அந்தக் கால ஜீப்பில் முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கியரில் விழ வேண்டுமானால் இரட்டைக் கிளட்ச் போட வேண்டும் என்று விளக்கினார். ஒருமுறை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்துக் கியரைத் தள்ள வேண்டும். தப்பினால் பற்கள் ‘கர்ர்’ என்று கத்தும். சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு கால்களாலும் செய்து காட்டியது எங்களுக்கு என்றும் மறக்காது. இரண்டு பல்சக்கரங்களின் வேகத்தையும் ஒரு கூம்பின் உராய்வால் சமப்படுத்திவிட்டுப் பிறகு கோத்துவிடும் சிங்க்ரோமெஷ் 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் வந்தது. அது லாரிகளுக்கெல்லாம் வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. அதுவரை எல்லா ஓட்டுநர்களும் இந்த நடனத்தை ஆடித்தான் பிழைத்தார்கள்.

இனித் தோழியின் கேள்விக்கு வருவோம். கிளட்ச் மிதி இல்லாத வண்டி உண்டு. தானியங்கிக் கியர் பெட்டி, பேச்சு வழக்கில் ஆட்டோமேட்டிக், என்பது அதன் பெயர். அதன் அடிப்படையைக் கண்டவர் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர். அவர் 1905-இல் அதைக் காப்புரிமை செய்தது கார்களுக்காக அன்று, கப்பல்களுக்காக. அந்த அடிப்படையை எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மேசை மின்விசிறிகளைக் கொண்டு நாங்களே பார்த்தோம். இரண்டையும் எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் சுழல விட்டால், மின்சாரமே இல்லாத மற்றொன்றும் மெதுவாகச் சுழலத் தொடங்குகிறது. இரண்டையும் இணைத்தது காற்று. காற்றுக்குப் பதிலாக எண்ணெயையும், விசிறிகளுக்குப் பதிலாக ஒரே கூட்டுக்குள் நெருங்கி நிற்கும் இறக்கைச் சக்கரங்களையும் வைத்தால் அது ஏறக்குறைய டார்க் கன்வர்ட்டர். நடுவே ஸ்டேட்டர் என்னும் மூன்றாவது சக்கரம் திரும்பிவரும் எண்ணெயைச் சரியான திசைக்கு மடக்கிவிடுகிறது; அதனால் புறப்படும்போது திருப்புத்திறன் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வண்டி நிற்கும்போது எண்ணெய் வெறுமனே வழுக்கிக்கொண்டிருக்கும், எஞ்சின் நிற்காது. மிதி தேவையில்லை.

அதன் பின்னால் இருக்கும் பல்சக்கரங்களும் வேறு வகை. நடுவில் ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றிக் கோள் சக்கரங்கள், எல்லாவற்றையும் சூழ்ந்து உட்பல் வைத்த வளையம். சூரியனைச் சுழற்றி வளையத்தைப் பிடித்து நிறுத்தினால் கோள்களைத் தாங்கும் சட்டம் மெதுவாகச் சுழலும். அது கீழ்க் கியர். சட்டத்தைப் பிடித்து நிறுத்தினால் வளையம் எதிர்த்திசையில் சுழலும், அது ரிவர்ஸ். இரண்டைச் சேர்த்துப் பூட்டினால் எல்லாம் ஒன்றாகச் சுழலும். அது மேல் கியர். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்பதை எண்ணெய் அழுத்தம் தீர்மானிக்கிறது. இப்படி முழுவதும் தானாக மாறும் பெட்டியை ஜெனரல் மோட்டார்ஸ் 1939-இல், 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்காக ‘ஹைட்ராமேட்டிக்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது.

இதைப் படித்து முடித்ததும் எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. தோழியின் தந்தை ஓட்டும் லாரியில் இப்படி ஒரு பெட்டியை வைத்துவிட்டால் முடிந்ததே! ஆனால் அந்த மகிழ்ச்சி இரண்டு நாள்தான் நிலைத்தது. எங்களில் ஒருத்தியின் சித்தப்பா அமெரிக்காவில் இருக்கிறார். அவரிடம் கைப்பேசியில் இதைச் சொன்னபோது அவர் உரக்கச் சிரித்தாராம். “நான் போன கோடையில்தான் என் வண்டியிலிருந்து ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிளட்ச் வைத்தேன்!” என்றாராம். நாங்கள் ஏங்கிய பொருளை ஒருவர் கழற்றி எறிந்திருக்கிறார். ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் எப்படி இருக்க முடியும்?

அவருடையது 1990-களில் செய்த பழைய பிக்கப் வண்டி. பின்புறம் திறந்த அத்தகைய சிறு வண்டியையும் அங்கே ‘டிரக்’ என்றே சொல்கிறார்கள். அதில் பின்னால் ஒரு வண்டியைக் கோத்து விறகும் மண்ணும் இழுத்ததில் தானியங்கிப் பெட்டி சூடேறிக் கெட்டுவிட்டது. வழுக்கும் எண்ணெய்தான் அதன் வரம். அதுவே அதன் சாபமும்கூட. வழுக்கும்போதெல்லாம் எண்ணெய் கொதிக்கிறது. அதைக் குளிர்விக்கத் தனியாகக் குழாய் வழி ரேடியேட்டருக்குப் போய்வர வேண்டும். எண்ணெய் கருகினால் உள்ளே இருக்கும் பிடிப்புத் தட்டுகளும் கருகும். பழுது பார்க்கக் கேட்ட கூலி ஏறக்குறைய அந்த வண்டியின் விலையே. கையால் கியர் போடும் பெட்டியோ பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில் மலிவாகக் கிடைத்தது. அது கெட்டாலும் தாமே பிரித்துப் பார்க்கலாம் என்று துணிந்தார். (அந்நாட்டில் இப்போது விற்கும் புது பிக்கப்புகளில் கிளட்ச் மிதி உள்ளவை மிக அரிது. அதனால் இதைச் செய்பவர்கள் பழைய வண்டி வைத்திருப்பவர்கள்தாம்.)

ஒரு பெட்டியைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். செய்து பார்த்தவருக்கு நான்கு வார விடுமுறை நாள்கள் ஆயின. அவர் அனுப்பிய படங்களை எடுத்துக்கொண்டு, வண்டியூரில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மேஸ்திரியிடம் போனோம். அவர் தோழியின் தந்தைக்கு நெடுநாள் பழக்கமானவர். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்து, “இங்க பாரு தாயி, இந்த மனுசன் பொட்டியை மட்டும் வாங்கலை. குடும்பத்தோட வாங்கியிருக்காரு. அதான் பொழச்சாரு” என்றார்.

அவர் ‘குடும்பம்’ என்றது எவை என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். இந்தப் பாடத்தின் சாரமே அங்கேதான் இருக்கிறது. அதே வகை எஞ்சின் பூட்டிய, கிளட்ச் உள்ள வண்டி ஒன்றிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஏனெனில் கியர் பெட்டியை எஞ்சினோடு கோக்கும் மணி வடிவக் கூட்டின் போல்ட் துளைகள் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். தானியங்கி வண்டியில் எஞ்சினின் முதுகில் கனத்த ஃப்ளைவீல் கிடையாது. டார்க் கன்வர்ட்டரைப் பிடிக்க ஒரு மெல்லிய இரும்புத் தட்டு மட்டுமே இருக்கும். அதை எடுத்துவிட்டு ஃப்ளைவீல் வைக்க வேண்டும். சில எஞ்சின்களில் சமனெடை ஃப்ளைவீலிலேயே அமைந்திருக்கும். அங்கே ஏதோ ஒரு ஃப்ளைவீலைப் போட்டால் எஞ்சின் நடுங்கி நடுங்கியே தன்னைக் கெடுத்துக்கொள்ளும். தட்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் கனம் வேறு. ஆகவே பழைய போல்ட்டுகளும் உதவா.

பிறகு கிராங்க் ஷாஃப்ட்டின் நுனிக் குழியில் பைலட் பேரிங் என்று ஒரு சிறு பொருள். கியர் பெட்டியின் உள்தண்டின் முனை அதில்தான் ஊன்றி நிற்கும். தானியங்கிக்கு அது தேவையில்லை என்பதால் பல வண்டிகளில் அது இராது. சில கிராங்க் ஷாஃப்ட்டுகளில் குழியையே முழுமையாகக் கடைந்திருக்கமாட்டார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் இதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் பூட்டிவிட்டால், திரும்ப எல்லாவற்றையும் இறக்க வேண்டியதுதான். மேஸ்திரி இதைச் சொல்லும்போது தலையில் அடித்துக்கொண்டார். சொந்த அனுபவமோ என்னவோ, நாங்கள் கேட்கவில்லை.

ஓட்டுநர் அறைக்குள்ளும் வேலை உண்டு. தானியங்கி வண்டியின் பிரேக் மிதி அகலமானது. அதை எடுத்து, இரண்டு மிதிகள் கொண்ட தொகுதியை வைத்து, முன் தகட்டில் துளையிட்டுக் கிளட்ச்சின் எண்ணெய் சிலிண்டரைப் பொருத்தினார். தரையில் வெட்டிக் கியர் கம்புக்கு வழி செய்தார். கீழே, இரண்டு பெட்டிகளின் நீளமும் ஒன்றல்ல. ஆதலால் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் இடம் மாறியது. பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை லேத் பட்டறையில் அளவுக்கு வெட்டிப் பற்றவைத்துச் சமன் பார்க்க வேண்டியதாயிற்று. பின் அச்சின் விகிதமும் தானியங்கி வண்டிக்கு ஒன்றாகவும் கிளட்ச் வண்டிக்கு வேறாகவும் இருப்பதுண்டு. மேலே நாங்கள் போட்ட கணக்கில் ஆறு என்ற எண்ணை மாற்றிப் பார்த்தால், அது ஏன் முக்கியம் என்பது விளங்கும்.

மின்கம்பி வேலையில்தான் சித்தப்பா வழுக்கினார். தானியங்கி வண்டியில் கம்பு ‘பார்க்’ அல்லது ‘நியூட்ரல்’ நிலையில் இருந்தால்தான் எஞ்சின் கிளம்பும்; அதற்கு ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் உண்டு. பெட்டியை எடுத்ததும் ஸ்விட்சும் போய்விட்டது. அந்தக் கம்பிகளைக் கிளட்ச் மிதியில் வைக்கும் ஸ்விட்சோடு இணைத்திருக்க வேண்டும். ‘பிறகு பார்த்துக்கொள்வோம்’ என்று இரண்டு கம்பிகளையும் முறுக்கிவிட்டார். ஒரு காலையில் வண்டி முதல் கியரில் நிற்பதை மறந்து சாவியைத் திருப்பினார். வண்டி தவளைபோல் ஒரு தாவுத் தாவி வீட்டுச் சுவரில் மோதியது. நல்லவேளை, எதிரே யாரும் இல்லை. அன்று மாலையே ஸ்விட்ச் வந்தது. பார்க் நிலை என்று இனி ஒன்று இல்லாததால் கைப்பிரேக்கையும் புதுப்பித்தார். எஞ்சினை ஆளும் கணினி, காணாமற்போன பெட்டியைத் தேடிச் சில மாதங்கள் எச்சரிக்கை விளக்கை எரித்துக்கொண்டிருந்ததாம், பாவம்.

இதே தயக்கம் பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில், கொரியப் போர்க் காலத்தில், அமெரிக்க இராணுவத்துக்கு இரண்டரை டன் லாரிகள் இரு வகையாக வந்தன. ஜெனரல் மோட்டார்ஸின் எம்-135, எம்-211 லாரிகளில் ஹைட்ராமேட்டிக் பெட்டி. ரியோ நிறுவனத்தின் எம்-35 லாரியில் ஐந்து கியர்களையும் கையால் போட வேண்டும். பயிற்சியில்லாத சிப்பாய்க்கு முதலாவது எளிது. ஆயினும் அந்த இராணுவத்தில் பல பத்தாண்டுகள் நிலைத்து நின்றது எம்-35தான். கனடா இராணுவமோ எம்-135 லாரிகளை விரும்பி நெடுநாள் வைத்துக்கொண்டது. ஆக, எது சிறந்தது என்ற கேள்விக்கு இராணுவங்களே ஒரே பதில் சொல்லவில்லை.

“நம்ம லாரிக்கு இதைத் திருப்பிச் செய்ய முடியுமா? கிளட்ச்சை எடுத்துட்டு ஆட்டோமேட்டிக்?” என்று தோழி மேஸ்திரியிடம் கேட்டாள். இதற்காகத்தானே வந்தோம். அவர் உடனே பதில் சொல்லவில்லை. வண்டி மாற்றும் வேலை மதுரைக்குப் புதிதன்று. 1912-இல் இங்கே பேருந்து ஓட்டத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது வண்டிகளை ஓட்டுவதற்கென்றே வாயுக் கலம் செய்து கொடுத்தார். அந்த ஊர்க் கைகள்தாம் இவையும். ஆனாலும் மேஸ்திரி தலையை ஆட்டினார்.

“மாட்டலாம் தாயி. மாட்டுறது பெருசில்ல. வழியில நின்னா? இந்தப் பொட்டின்னா எந்த ஊர்லயும் ஒரு பட்டறை இருக்கும். ராத்திரியோட ராத்திரியா எறக்கி ஏத்திருவான். அந்தப் பொட்டிக்கு உங்க அப்பா தக்காளியோட எங்க போய் நிப்பாரு?”

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் ஏறிய விவரங்கள், தயாரித்தவர் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. எஞ்சின் மாற்றுவதானாலும் விதிப்படி அனுமதி பெற வேண்டும். மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்காக வண்டியைத் தகவமைக்க மட்டும் அதே சட்டம் தனி இடம் வைத்திருக்கிறது. தவிர, லாரி தோழியின் தந்தைக்குச் சொந்தமானதன்று. உரிமையாளர் வேறொருவர்.

எங்கள் கருத்தையும் சொல்லிவிடுகிறோம். சித்தப்பா செய்தது அவருக்குச் சரி. அவர் வாரத்துக்கு இருமுறை விறகு ஏற்றப் போகிறவர். அவருக்குக் கிளட்ச் ஒரு விளையாட்டு. நாள் முழுவதும் நகரத்தில் நின்று நின்று போகும் வண்டிக்கு அது விளையாட்டன்று. தில்லியில் 2008-ஐ ஒட்டி வந்த தாழ்தளப் பேருந்துகள் தானியங்கிப் பெட்டியோடு வந்தன. 2025-இல் சென்னை மாநகரில் ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகளில் கிளட்ச்சே இல்லை. மின் மோட்டார் சுழியத்திலிருந்தே இழுக்குமாதலால் அதற்கு அந்தச் சமாதானம் தேவைப்படுவதில்லை. புதிதாக வரும் பெரிய லாரிகள் சிலவற்றில் பழைய பல்சக்கரப் பெட்டியே இருந்து, கிளட்ச்சை மட்டும் காற்றழுத்தமும் கணினியும் இயக்குகின்றன. பெட்டியைப் பிரிக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஊர் இருந்தால் இவையெல்லாம் சந்தை லாரிகளுக்கும் வரும். ஆனால் தோழியின் தந்தைக்கு முழங்கால் வலி இன்று.

புறப்பட எழுந்தபோது மேஸ்திரி, “அது சரி, மிதி என்ன அவ்வளவு கனமாவா இருக்கு? வண்டியை இங்க கொண்டாரச் சொல்லு” என்றார்.

மறுநாள் மாலை லாரி வந்தது. நாங்கள் ஒவ்வொருவராக ஏறி மிதித்துப் பார்த்தோம். உட்கார்ந்தபடி மிதித்தால் அசையவேயில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து முழு எடையையும் வைத்த பிறகே இறங்கியது. மேஸ்திரி அடியில் படுத்து ஐந்து நிமிடம் பார்த்தார். இந்த லாரியில் கிளட்ச்சுக்குப் பூஸ்டர் உண்டு. பிரேக்குக்கு வைத்திருக்கும் காற்றிலிருந்தே கொஞ்சம் எடுத்து, ஓட்டுநரின் காலோடு சேர்ந்து தள்ளும் கருவி அது. அதற்குள் இருக்கும் ரப்பர் வாசர் கிழிந்து காற்று வெளியே போய்க்கொண்டிருந்தது. இணைப்புக் கம்பிகளின் புஷ்களும் கிரீஸ் காணாமல் இறுகியிருந்தன. எவ்வளவு நாளாக என்று யாருக்கும் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்ததால், தமக்கு வயதாகிறது என்றே தந்தை எண்ணிக்கொண்டிருந்தாராம்.

“முதலாளிகிட்ட சொல்லலையாப்பா?” என்று தோழி கேட்டாள்.

“வண்டி ஓடுதுல்ல” என்றார் அவர். சற்றுப் பொறுத்து, “கால் முடியலைன்னு சொன்னா, கால் முடிஞ்ச ஆளைப் போட்டுக்குவாங்க, பாப்பா” என்றார். அப்புறம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

உரிமையாளரிடம் மேஸ்திரியே பேசினார். காலைப் பற்றிச் சொல்லவில்லை. பூஸ்டரில் கசியும் காற்று பிரேக்குக்கு வைத்திருக்கும் காற்றுதான் என்று சொன்னார். அது உண்மையும்கூட. இரண்டு நாளில் வாசரும் புஷ்களும் வந்தன. மூன்றாம் நாள் தோழி ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே குனிந்து, மிதியைத் தன் கையாலேயே அழுத்திக் காட்டினாள்.

முழங்கால் வீக்கம் முழுதும் வடியவில்லை. பட்டை கட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறார். அடுத்த ஞாயிறு அவர் ஒட்டன்சத்திரம் புறப்பட்டபோது, மகள் அந்தப் புளியங்கொட்டைப் பையை இருக்கையில் வைத்து அனுப்பினாள். திரும்பி வந்ததும், எண்ண மறந்துவிட்டேன் என்றாராம்.